ஐயாயிரம் ஐம்பது இலட்சமான கதை

பைதன் மொழியில் நான் முதன்முதலாக எழுதிய செய்நிரல் ஒரு சிறிய வங்கிக் கணக்கு. மீதியைக் கேட்கும், பணத்தை வைப்பிலிடும், மீளத் தரும். பெருமையோடு உம்மாவை அழைத்துக் காட்டினேன். மீதி 5000, வைப்பு 500 எனக் கொடுத்தேன். திரையில் 5000500 என வந்தது.

“என்ன மகள், ஐம்பது இலட்சமா?” என்று உம்மா சிரித்தார்.

பைதனில் ‘இன்புட்’ மூலம் பெறுவது எண்ணாக இருந்தாலும் சரமாகவே வரும். இரண்டு சரங்களுக்கு இடையே கூட்டற்குறி இட்டால் அவை கூட்டப்படுவதில்லை, ஒட்டப்படும். பணத்தை மீளப்பெற முயன்றபோதோ, சரங்களைக் கழிக்க முடியாமல் செய்நிரல் வழுச்செய்தி காட்டி நின்றது. உள்ளீடுகளை ‘இன்ட்’ மூலம் நிறைவெண்ணாக மாற்றினேன். 5500 வந்தது.

வேலை முடிந்தது என்றிருந்தேன். தம்பி விளையாட்டாக, மீளப்பெறும் தொகையாக -500 கொடுத்தான். மீதி குறையாமல் 6000 ஆகக் கூடியது! அடுத்து 7000 கேட்டான். மறுக்காமல் கொடுத்து, மீதியை -1000 ஆக்கியது. வழுச்செய்தி எதுவுமில்லை. இதுதான் தருக்க வழு. தொகை பூச்சியத்திலும் பெரிதாகவும் மீதியை விஞ்சாமலும் இருக்க வேண்டும் என இரண்டு நிபந்தனைகள் சேர்த்த பின்பே சரியானது.

தங்கைகளே, வழுச்செய்தியைக் கண்டு பயப்படாதீர்கள். எந்த வரியில் நின்றது என்று அது சொல்லித் தரும். பேசாமல் பிழையான விடை தரும் செய்நிரலுக்கே பயப்பட வேண்டும். ஆகவே விடையை முதலில் தாளில் கணித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

உம்மாவுக்குப் பைதன் தெரியாது. ஆனால் என்ன விடை வரவேண்டும் என்று தெரிந்திருந்தது.