மழையிரவில் நெற்றி லைட்

கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரம் பக்கம் மாரி மழையோடுதான் பெரும்போக வேளாண்மை. காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறவர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு வரம்பில் நடப்பார்கள். தோட்டத்திலும் நமக்கு இது உதவும். நடுச்சாமத்தில் லயத்திலிருந்து நோயாளியைத் தூக்கி இறங்க இரண்டு கையும் வேணுமே! ஆனால் குளிரிலும் மழையிலும் பட்டி நெற்றியை அறுத்தால் கழட்டிப் போடத்தான் தோணும். அதனால் இவற்றைக் கவனிப்போம்.

1. வெறும் நெற்றியில் கட்டாதீர்கள். கூடைக்கயிற்றுக்கு அடியில் துணி மடித்து வைக்கிறோமே, அதுபோலக் கம்பளித் தொப்பிக்கு மேல் கட்டுங்கள். ஒரு விரல் நுழையும் இறுக்கம் போதும். நனைந்து தொய்ந்தால் மறுபடி இழுத்துக்கணும்.

2. மழைக்கோட்டின் தலைமூடி லைட்டுக்குப் பின்னாலேயே நிற்கட்டும்.

3. பனிமூட்டத்தில் வெளிச்சத்தைக் கூட்டினால் கண்ணுக்கே திரும்பி அடிக்கும். குறைத்து, காலடிப் பக்கம் சாய்த்து வையுங்கள்.

4. குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பெட்டரியைப் பொலித்தீனில் சுற்றி உள்சட்டைப் பையில் வச்சுக்கணும்.

5. வீடு வந்ததும் துடைத்து, காற்றில் காய விடுங்கள். அடுப்பருகே வேண்டாம். ஈரம் காயாமல் சார்ஜ் போடாதீர்கள்.

இன்றிரவே ஒருமுறை கட்டி, அளவைச் சரிபாருங்கள். அவசரம் வரும்போது அதற்கு நேரமிருக்காது.