கடலோரத்தில் மலிவான முதுமை: மெக்சிக்கோ பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரொறன்ரோவில் முதல் பனி விழுகிற கிழமையில் இந்தத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். பென்சன் எடுத்த அண்ணர் ஒருவராக இருக்கும், அல்லது அடுத்த வருடம் எடுக்கப்போகிற அக்காவாக இருக்கும். "மெக்சிக்கோவிலை மாசம் ரெண்டாயிரம் டொலரோடை கடற்கரையிலையே இருக்கலாமாம். உண்மையோ தம்பி?"

செலவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். பசிபிக் கரையிலுள்ள புவேர்த்தோ வய்யார்த்தாவில் கடலைப் பார்த்த மாடிக்கட்டடங்களுக்கு வாடகை டொலரில்தான் பேசுவார்கள். அதே கரையில் வடக்கே பேருந்தில் போனால் லா பெஞ்ஞீத்தா என்ற சிற்றூர் வரும். வியாழக்கிழமைகளில் அங்கே சந்தை கூடும், தியாங்கிஸ் என்பார்கள். கடலிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளி வீடெடுத்து, சந்தையில் பப்பாளியும் மீனும் வாங்கி, மதியத்தில் சூப்பும் சோறும் கறியுமாகக் கிடைக்கும் கொமீதா கொரீதாவைச் சாப்பிட்டு, 20 லீற்றர் குடிநீர்ப் போத்தலை வாசலில் இறக்குவித்து, சிக்கனமாக வாழ்கிற வெளிநாட்டு முதியவர்கள் நிறையப்பேர் இருக்கிறார்கள். பிழையான நம்பிக்கைகள் எல்லாம் இந்தச் செலவுக் கணக்குக்கு வெளியேதான் இருக்கின்றன.

"வாழக் காசிருந்தால் வதிவிட அனுமதி தருவார்கள்."

ஆட்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான். அங்கே வாழத் தேவையான தொகை வேறு, வதிவிட அனுமதிக்குக் காட்டவேண்டிய தொகை வேறு. தற்காலிக வதிவிட விசாவுக்குப் பல மெக்சிக்கோத் தூதரகங்கள் போடும் கணக்கு இது: அந்நாட்டின் நாளாந்த அடிப்படைச் சம்பளத்தை 300ஆல் பெருக்கு, வருவது உன் மாத வருமானமாக இருக்கவேண்டும். கடைசி ஆறு மாதத்துக்கு அதை நிரூபிக்கவும் வேண்டும். 2018இல் அடிப்படைச் சம்பளம் ஒரு நாளுக்கு 88.36 பெசோ. அன்றைய மாற்று விகிதத்தில், மாதம் ஆயிரத்து நானூறு அமெரிக்க டொலர் அளவில் வருமானம் உள்ளவருக்குக் கதவு திறந்தது. அந்த வருட முடிவில் பதவிக்கு வந்த லோப்பெஸ் ஒப்ரதோரின் அரசு அடிப்படைச் சம்பளத்தை ஆண்டுதோறும் உயர்த்தியது. 2025இல் அது 278.80 பெசோ. அதே 300ஆல் பெருக்கினால் 83,640 பெசோ, அதாவது நாலாயிரம் அமெரிக்க டொலருக்கும் மேல்.

அந்தச் சம்பள உயர்வு நியாயமானது. சந்தையில் மீன் வெட்டுகிறவருக்கும் விடுதியில் அறை கூட்டுகிறவருக்கும் அது எப்போதோ கிடைத்திருக்கவேண்டியது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் போய்க் குடியேறியவர் யூரியூப்பில் சொல்லும் கதையை நம்பி இன்றைக்குப் பெட்டி கட்டாதீர்கள். அவர் நுழைந்த கதவு இப்போது உயரத்தில் இருக்கிறது. மாத வருமானம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். அதற்கான கணக்கு 5,000 நாள் சம்பளம். 2025 சம்பளப்படி ஏறத்தாழ எழுபதாயிரம் அமெரிக்க டொலர் ஒரு வருடம் முழுக்கக் கணக்கில் கிடக்கவேண்டும். விண்ணப்பத்தை மெக்சிக்கோவுக்கு வெளியே உள்ள தூதரகத்தில் கொடுக்கவேண்டும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

"விசா இல்லாவிட்டால் என்ன? ஆறு மாதத்துக்கு ஒருக்கால் எல்லையைத் தாண்டிவிட்டு வரலாம்."

ஒரு காலத்தில் அப்படித்தான் ஓடியது. சுற்றுலாப் பயணிக்கு 180 நாள் என்பது உச்சவரம்பு மட்டுமே, உரிமை அல்ல. எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி தீர்மானிப்பார். அண்மை வருடங்களில், அடிக்கடி வந்துபோகிறவர்களுக்குச் சில கிழமைகள் மட்டும் எழுதிக் கொடுத்த சந்தர்ப்பங்கள் உண்டு. எழுபது வயதில் வீட்டுச் சாமானை எல்லாம் அங்கே வைத்துவிட்டு அந்த மேசையின் முன் நிற்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

"பென்சன் எங்கே போனாலும் பின்னால் வரும்."

கனடாவில் எங்கள் பெற்றோர் தலைமுறை கவனிக்கவேண்டிய இடம் இது. வேலை செய்த காலத்தில் கட்டியதற்கு வருகிற சி.பி.பி. எங்கிருந்தாலும் வரும். முதியோருக்கு அரசு கொடுக்கிற ஓ.ஏ.எஸ். அப்படியல்ல. பதினெட்டு வயதுக்குப் பின் கனடாவில் 20 வருடமாவது வாழ்ந்தவருக்குத்தான் அது வெளிநாட்டில் தொடர்ந்து கிடைக்கும். பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அறுபதுக்குப் பிறகு வந்திறங்கிய அம்மாவுக்கு 10 வருடத்தில் ஓ.ஏ.எஸ். கிடைத்திருக்கும், ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரருக்கு மேலதிகமாகக் கொடுக்கிற ஜீ.ஐ.எஸ்., எத்தனை வருடம் இங்கே வாழ்ந்தவராக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே போனால் நிற்கும். ஒன்ராறியோவின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டைக்கு, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருக்கவேண்டும்.

ஆக, மலிவான ஊர் யாருக்கு மிகவும் தேவையோ, அவருடைய வருமானம்தான் அங்கே போனதும் உடைகிறது. அமெரிக்காவிலும் அப்படித்தான். சோஷியல் செக்யூரிற்றி மெக்சிக்கோவுக்கு வரும். வறிய முதியோருக்கான எஸ்.எஸ்.ஐ. முப்பது நாள் தொடர்ந்து வெளியே இருந்தால் நிற்கும்.

வருகிற பென்சனும் பெசோவாக மாறும்போது நிலையாக நிற்பதில்லை. 2020 ஏப்ரலில் ஒரு அமெரிக்க டொலருக்கு 25 பெசோ வரை கிடைத்தது. 2024 ஏப்ரலில் 17கூட இல்லை. இரண்டாயிரம் டொலர் பென்சன் ஐம்பதாயிரம் பெசோவிலிருந்து முப்பத்துநாலாயிரத்துக்குக் கீழே இறங்கியது.

"வைத்தியம் மலிவு, இன்சூரன்ஸ் தேவையில்லை."

காய்ச்சலுக்கு உண்மை. மருந்துக்கடைகளை ஒட்டிய சின்ன அறையில் வைத்தியர் இருப்பார். மிகச் சிறிய கட்டணத்தில் பார்ப்பார். பல் வைத்தியமும் மலிவு. இடுப்பு எலும்பு முறிந்தால், மாரடைப்பு வந்தால் கதை வேறு. தனியார் ஆஸ்பத்திரிகள் பல, அனுமதிக்கும்போதே கடன் அட்டையையோ முற்பணத்தையோ கேட்கும். அமெரிக்க முதியோரின் மெடிகெயார் காப்புறுதி அங்கே செல்லாது. ஓஹிப் திருப்பிக் கொடுப்பது சொற்பம். வதிவிட அட்டை உள்ளவர் இம்ஸ் என்ற அரச காப்புறுதியில் தாமாகச் சேரலாம். வயதுக்கேற்ற ஆண்டுக் கட்டணம்தான், நல்ல திட்டம். ஆனால் சேரும்போதே புற்றுநோயோ நீரிழிவின் பின்விளைவுகளோ இருந்தால் எடுக்கமாட்டார்கள். எலும்புச் சத்திரசிகிச்சை போன்றவற்றுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. எங்கள் வீடுகளில் அறுபது தாண்டிய எத்தனை பேரின் மேசையில் நீரிழிவுக்கான மெற்ஃபோர்மின் போத்தல் இல்லை? இந்தப் பந்தியை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

"வெளிநாட்டவர் கடற்கரையில் வீடு வாங்க முடியாது" என்பார் ஒருவர். "யாரும் வாங்கலாம்" என்பார் இன்னொருவர். இரண்டும் பிழை. 1848இல் தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை அமெரிக்காவிடம் இழந்த நாடு அது. 1917 அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, கடலிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வெளிநாட்டவர் நேரடியாக நில உரிமை பெறுவதைத் தடுக்கிறது. அதற்கு வழி ஃபிதேய்கோமீசோ: உறுதி வங்கியின் பெயரில் இருக்கும், அனுபவிக்கவும் விற்கவும் பிள்ளைகளுக்கு எழுதவும் உரிமை உங்களுக்கு. தவணை 50 வருடம், புதுப்பிக்கலாம். ஆண்டுதோறும் வங்கிக்குக் கட்டணம் கட்டவேண்டும். பயப்படவேண்டியது எஹீதோ நிலத்துக்கு. அது புரட்சிக்குப் பின் விவசாயிகளுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம். கரையோரத்தில் நிறைய உண்டு. சட்டப்படி தனியார் நிலமாக மாற்றப்படும்வரை, அதற்காக நீங்கள் கையெழுத்திடும் எந்தத் தாளும் உங்களைக் காப்பாற்றாது. விலை மலிவாகத் தெரிந்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

"வருடம் முழுக்க இளவேனில்."

ஜனவரியில் போய்ப் பார்த்தவர் சொல்வது. பசிபிக் கரையில் ஜூன் முதல் ஒக்ரோபர் வரை மழையும் புழுக்கமும். இரவு முழுக்க ஏசி போட்டால் மின் பாவனை எல்லை தாண்டும். தாண்டினால் அரச மின் நிறுவனம் மானியத்தை எடுத்துவிட்டு உயர் கட்டணத்தில் போடும். உப்புக்காற்று அந்த ஏசியையே தின்னும். புயலும் உண்டு. 2023 ஒக்ரோபரில் ஒட்டிஸ், ஒரே நாளில் வெப்பமண்டலப் புயல் நிலையிலிருந்து ஐந்தாம் வகைச் சூறாவளியாகி அக்கப்புல்கோவை அடித்தது.

"மெக்சிக்கோ முழுக்க ஆபத்து" என்ற பயத்துக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையே மாநிலம் மாநிலமாகப் பிரித்துத்தான் சொல்கிறது. யுக்கத்தான் பல வருடமாக மிகக் குறைந்த எச்சரிக்கைப் படியில் இருக்கிறது. கொலீமா மிகக் கூடிய படியில். ஊரைத் தெரிந்தெடுக்கும்போது அதைப் பார்த்தால் போதும்.

இந்த முறை அழைத்த அண்ணருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். ஜனவரியில் போகாதீர்கள். ஓகஸ்ட்டில் ஒரு மாதம் போங்கள். கடலிலிருந்து நாலு தெரு உள்ளே வீடெடுங்கள். ஒருநாள் பகலில் இம்ஸ் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் வரிசையைப் பாருங்கள். திரும்பி வந்து அக்காவோடு பேசுங்கள். அதுவரைக்கும் ஸ்காபரோவில் மானிய வாடகையில் கிடைத்த வீட்டின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கவேண்டாம். அதைவிட்டால் மறுபடி வரிசையில் எத்தனை வருடம் என்பது உங்களுக்கே தெரியும்.