எந்த இடத்தின் கஷ்டம் உனக்கு இஷ்டம்?

கும்பகோணம்

அன்புள்ள குழந்தைக்குப் பெரியப்பாவின் அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதமும், அது வந்த மறுநாள் உன் அப்பா தொலைபேசியில் பேசிய பேச்சும் ஒரே விஷயத்தைப் பற்றியவைதாம் என்று எனக்குத் தெரியாதிருந்தால், இரண்டு வெவ்வேறு பெண்களைப் பற்றிய சமாசாரம் என்றே நினைத்திருப்பேன். சென்னை ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பொறியியலில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அவன் சொன்னபோது அவன் குரலில் இருந்த பூரிப்பை நான் குறை கூறமாட்டேன். விடியற்காலையில் எழுந்து உன்னைப் பயிற்சி வகுப்புக்கு வண்டியில் கொண்டுபோய் விட்டவனுக்கு அந்தப் பூரிப்பில் பாத்தியதை உண்டு. நீயோ, சிறுசேரியில் உள்ள சி.எம்.ஐ. என்னும் கணித நிறுவனத்தின் நுழைவுத் தேர்விலும் தேறியிருப்பதாகவும், அதைப் போய்ப் பார்த்த அன்றே “இதுதான் என் இடம்” என்று தோன்றிவிட்டதாகவும், வீட்டில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய்.

முதலில் ஐ.ஐ.டி.யின் கீர்த்தியின் பக்ஷத்தில் நின்று பேசிவிடுகிறேன். அதைப் பழித்துப் பேசுவது இக்காலத்தில் சுலபமாகிவிட்டது, ஆனால் அப்படிப் பழிப்பவர்களில் பலர் அதன் பலனை அனுபவித்துக்கொண்டே பழிக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959இல் கிண்டி வனத்தின் நடுவே தோன்றிய அந்த ஸ்தாபனம் தனக்குக் கிடைத்த பெயரைச் சும்மா சம்பாதிக்கவில்லை. அதன் மூன்றெழுத்தைச் சொன்ன மாத்திரத்தில் எந்த ஊர் அலுவலகத்திலும் நாற்காலி போடுகிறார்கள். வங்கிக்காரர் கடன் கொடுக்க அதிகம் யோசிப்பதில்லை. அங்கே உன் பக்கத்தில் உட்காரப்போகும் பிள்ளைகளும் நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். நம்மைப் போல் மாதச் சம்பளத்தில் ஜீவனம் நடத்தும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அத்தகைய பெயர் ஒரு பெருந்துணை என்பதை மறுப்பவன், கையில் காசில்லாமல் வேலை தேடி அலைந்திராதவனாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் அந்தப் பெயர் உனக்குப் பதிலாகப் பாடத்தைப் படிக்காது. இரும்பில் கரி எவ்வளவு சேர்ந்தால் எஃகு ஆகிறது, எவ்வளவு மிஞ்சினால் வார்ப்பிரும்பாகி அடித்தால் உடைகிறது என்று அறிவதில் ஆனந்தம் காணும் பிள்ளைக்கு உலோகவியலைக் காட்டிலும் உயர்ந்த வித்தை வேறில்லை. நீ எழுதிய நீண்ட கடிதத்திலோ அந்தப் பாடத்தின் பெயர் ஒரே ஒருமுறை, அதுவும் விலாசம் எழுதுவதுபோல், வந்து போயிருக்கிறது. பகா எண்களைப் பற்றிய ஒரு கணக்கை மட்டும், கேட்காமலே, ஒரு பக்கம் முழுவதும் எனக்கு விளக்கியிருக்கிறாய். முதல் வருஷத்துக்குப் பிறகு வேறு கிளைக்கு மாறிக்கொள்ளலாம் என்று உன் சித்தப்பா சொல்வதை நம்பிச் சேராதே. அந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, மாறாத பாடத்தைத்தான் நீ நான்கு வருஷம் படிக்கவேண்டும்.

நீ பார்த்துவிட்டு வந்த இடத்தின் பூர்வகதையை அறிந்தால் உனக்குச் சில விஷயங்கள் விளங்கும். பாரிஸில் ஏலி கார்த்தான் என்னும் கணித மேதையிடம் பயின்ற ரசீன் என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1937இல் இந்தியா வந்து, திருச்சியிலும் பின்னர்ச் சென்னை லயோலா கல்லூரியிலும் கணிதம் போதித்தார். பாடத்திட்டத்துக்கு அப்பால் ஐரோப்பாவில் அப்போது புதிதாக நடந்துகொண்டிருந்த கணிதத்தைத் தம் மாணாக்கர்களுக்கு அறிமுகம் செய்து, அவர்களில் தகுதியுடையோரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பிவிட்டார். நன்றாகப் படித்த பிள்ளை என்றால் ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதவேண்டும் என்று ஊரார் எண்ணிய அந்நாளில், அவருடைய மாணாக்கர்களான சேஷாத்ரியும் நரசிம்மனும் 1953இல் பம்பாய் சென்று, தொடங்கி எட்டே ஆண்டுகளான டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில், பழைய படகுக் கழகக் கட்டடம் ஒன்றில் அது இயங்கிவந்தபோது, சேர்ந்தார்கள். 1965இல் அவ்விருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே உலகெங்கும் வழங்குகிறது. அந்தச் சேஷாத்ரிதான் 1989இல் சென்னையில் நீ பார்த்த நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். 1998இல் அங்கே இளங்கலை வகுப்பு ஆரம்பித்தபோது சிறுசேரி வளாகமும் இல்லை, பட்டமளிக்கும் அதிகாரமும் இல்லை. போபாலில் உள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் இணக்கத்தோடுதான் வகுப்புகள் நடந்தன. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற அந்தஸ்து 2006இல்தான் வந்தது. முதல் சில வருஷங்களில் அங்கே சேர்ந்த பிள்ளைகள் பட்டத்தாளின் தலைப்பைப் பார்க்காமல், கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் யார் என்பதையே பார்த்துச் சேர்ந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

இதைப் படித்ததும் பெரியப்பா உன் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று துள்ளாதே. “என் இடம்” என்று தோன்றுவது சில சமயம் அறிவின் குரல். சில சமயம் பயத்தின் குரல். சிறிய இடம், அமைதியான வளாகம், அன்பாகப் பேசிய ஒரு சீனியர் மாணவி, போட்டியின் இரைச்சல் இல்லாத முகங்கள் – உன்னைக் கவர்ந்தவை இவையே என்றால், நீ விரும்புவது கணிதத்தையல்ல, இரண்டு வருஷ ஓட்டத்துக்குப் பின் கிடைக்கும் இளைப்பாறுதலை. இளைப்பாற ஒரு மாதம் போதும்; அதற்கு மூன்று வருஷப் படிப்பு எதற்கு?

மனத்துக்கு உகந்த இடம் சௌகரியமான இடமாகவும் இருக்கும் என்பது நிச்சயமில்லை. நம் மாநிலக் கல்லூரியில் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்ற வானியலார் சந்திரசேகர், ஹார்வர்டு தர முன்வந்த ஆராய்ச்சிப் பதவியை ஏற்காமல், 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெர்க்கிஸ் வானாய்வகத்துக்குப் போனார். அது இருந்ததோ விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூர். குளிரோ சொல்லி முடியாது. நிறத்தைக் காரணம் காட்டி அவர் வகுப்பெடுப்பதை எதிர்த்தவர்களும் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே இருந்தார்கள். ஆயினும் ஆட்டோ ஸ்ட்ரூவ என்பவர் அங்கே திரட்டிவந்த இளம் வானியலார் கூட்டத்தில் தம் வேலைக்கு வேண்டிய சகவாசம் இருந்ததால் போனார். 1995இல் காலமாகும்வரை சிகாகோவை விட்டு அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் பெயரவில்லை.

ஆகையால் எந்த இடம் சுகமாயிருக்கும் என்று கேட்காதே. எந்த இடத்தின் கஷ்டம் உனக்கு இஷ்டம் என்று கேட்டுக்கொள். கஷ்டம் இரண்டிலும் உண்டு. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்த பிள்ளைகள் மட்டுமே கூடும் வகுப்பில் ஒரு நிரூபணத்தோடு ராத்திரி முழுதும் மல்லுக்கு நின்று, காலையில் அது தவறென்று ஆசிரியர் இரண்டு வார்த்தையில் காட்டிவிட, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கும். அந்தத் தோல்விக்குப் பிறகும் கணக்கைக் கீழே வைக்க மனம் வராது என்று உனக்கு உறுதியிருந்தால் சிறுசேரிக்குப் போ. அந்த உறுதி இல்லையேல், கிண்டியின் பெயரும் அது திறந்துவிடும் பல வாசல்களும் உனக்கு நல்லவை. அதில் அவமானம் ஒன்றும் கிடையாது.

இதைத் தெரிந்துகொள்ள உபாயம் இருக்கிறது. நீ எழுதிய இரண்டு தேர்வுகளை நினைத்துப் பார்: திரையில் விடையைச் சுட்டிவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடியபோது இருந்த மனநிலை எப்படி, நிரூபணத்தை முழுவதும் எழுதிக் காட்டச் சொன்ன கேள்வியில் நேரம் போனதே தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது இருந்த மனநிலை எப்படி? மீண்டும் ஒருமுறை சிறுசேரிக்குப் போய், அனுமதி கேட்டு ஒரு சாதாரண நாளின் வகுப்பில் உட்கார். கெட்டிக்கார மாணவர்களை விட்டுவிட்டு, தட்டுத்தடுமாறும் இரண்டாம் வருஷத்துப் பிள்ளை ஒருவரைக் கண்டுபிடித்து, யார் கைகொடுத்தார்கள் என்று கேள். சாப்பாட்டுக் கூடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கவனி. கட்டணம், உதவித்தொகை, படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள் என்னும் மூன்றையும் அலுவலகத்தில் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொள். கிண்டிக்கும் போய் உலோகவியல் மாணவர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டால்தான் விசாரணை நியாயமாகும்.

என் அபிப்பிராயம், கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன்: பகா எண்களைப் பற்றி நீ எழுதிய அந்த ஒரு பக்கத்தைப் படித்தவன் உன்னைச் சிறுசேரிக்குத்தான் அனுப்புவான். ஆயினும் விசாரித்து எழுதிய அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் நீயே போகவேண்டும். என்னைத் தூது அனுப்பாதே. அவன் கேட்கப்போவது “உனக்கு என்ன தோன்றுகிறது” என்று அன்று, “பிற்பாடு என்ன செய்வாய்” என்றுதான். அதற்கு அழுகையும் மௌனமும் பதிலாகா. கோபித்துக்கொண்டான் என்றால் ஒரு நாள் பொறுத்து மறுபடியும் பேசு. உன் வயதில் அவனுக்கு இரண்டு கல்லூரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை, கிடைத்ததில் சேர்ந்தான். கலந்தாய்வில் பணம் கட்டக் கடைசித் தேதி என்றைக்கென்று பார்த்து, அதற்குள் இதை முடித்துவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு, ஆசீர்வாதத்துடன்,
பெரியப்பா