விடுபட்டுப்போன ஒரு பேரெண்

பன்னிரண்டு உருப்படிகளைச் சேர்த்து ஒரு டஜன் என்று கட்டுவது திருப்பூர்ப் பனியன் தொழிலில் நாம் நன்கறிந்த வழக்கம். பத்து விரல்களைக் கொண்ட மனிதன் பன்னிரண்டை ஏன் நாடினான்? பத்தை 2, 5 ஆகியவற்றால் மட்டுமே மீதியின்றிப் பங்கிடலாம். பன்னிரண்டையோ 2, 3, 4, 6 என நால்வகையிலும் பங்கிடலாம். ஒன்றையும் அவ்வெண்ணையும் சேர்த்தால் அதன் காரணிகள் ஆறு. அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை.

இவ்வாறு தன்னினும் சிறிய எண்கள் அனைத்தையும் விட மிகுதியான காரணிகளையுடைய எண்ணை நாம் 'மிகுபகு எண்' என வழங்கலாம். எட்டுக் காரணிகளையுடைய 24 அத்தகையதே. திருக்குர்ஆன் வாரிசுகளுக்கு வகுத்த பங்குகள் 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6 ஆகியன. இவை அனைத்துக்கும் பொதுவாய் அமையும் மிகச் சிறிய பகுதி 24. மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு ஒருவர் மறைந்தால், சொத்தை 24 பங்காக்கி மனைவிக்கு 3, தாய்க்கு 4, மகனுக்கு எஞ்சிய 17 எனப் பிரித்துவிடலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மீ, தம் இயற்கணித நூலில் ஒரு நீண்ட பகுதியை இத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கினார். வகுத்தலில் பிழை நேர்ந்தால் ஒரு விதவையின் பங்கு குறையுமல்லவா!

நமக்கு அண்மையிலுள்ள ஈரோட்டில் 22.12.1887 அன்று பிறந்த சீனிவாச இராமானுசன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-ஆம் ஆண்டு இவ்வெண்களைப் பற்றி நீண்டதோர் ஆய்வுரையை வெளியிட்டார். 1916-இல் அங்கு அவர் பட்டம் பெற்றதும் இவ்வாய்வின் பேரில்தான். அதில் 102 மிகுபகு எண்களை அவர் பட்டியலிட்டார். கணிப்பொறி இல்லாத காலம். பட்டியலின் இடையே ஓர் எண் மட்டும் விடுபட்டுவிட்டது. அது 2,93,31,86,25,600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600.

2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5, 7 ஆகியவற்றை இவ்விரு முறையும், 11, 13, 17, 19 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதிப் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஒரு காரணியை அமைக்க 2-ஐ ஒருமுறையும் எடுக்காமல் விடலாம், அல்லது ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3-க்கு ஐந்து வழிகள், ஏனையவற்றுக்கும் இவ்வாறே. 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள்! ஒன்று முதல் 22 வரை எவ்வெண்ணாலும் இது மீதியின்றி வகுபடும். 23-தான் முதன்முதலில் மீதி விடும்.

மற்றொரு வியப்பும் உண்டு. 5040-உம் ஒரு மிகுபகு எண்ணே. அதன் காரணிகள் 60. அறுபதின் காரணிகள் 12; நம் டஜன். மாணவர்கள் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம்.

அன்று இலண்டன் கணிதக் கழகம் பொருள்முட்டுப்பாட்டில் இருந்ததால், செலவைக் குறைக்க இராமானுசன் தம் ஆய்வுரையின் ஒரு பகுதியை அச்சிடாமல் நிறுத்திக்கொண்டார். அப்பகுதி நிக்கோலா, ரோபேன் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவரின் குறிப்புரையுடன் 1997-இல்தான் இதழில் வெளிவந்தது.