கனவில் விழிப்பு: அடக்கலாம், அழைக்கலாகாது

உறக்கம் அல்லாஹ் நமக்கு அருளிய பெரும் நிஃமத்துகளில் ஒன்று. மரண வேளையில் உயிர்களைக் கைப்பற்றும் அல்லாஹ், உறக்கத்திலும் அவற்றைக் கைப்பற்றுகிறான் என்றும், தவணை மீதமுள்ளவற்றைத் திருப்பி அனுப்புகிறான் என்றும் ஸூரத்துஸ் ஸுமரின் 42வது வசனம் நமக்கு அறிவிக்கிறது. ஆகவே படுக்கைக்குச் செல்லும் நாம், நம்மை நம் ரப்பிடம் ஒப்படைத்துவிட்டே கண் மூடுகிறோம்.

அவ்வாறு ஒப்படைத்த பின்னர், கனவின் நடுவே ‘இது கனவுதான்’ என்று உணர்ந்து, அதன் போக்கை நம் விருப்பப்படி திருப்ப முடியுமா? முடியும் என்றால் அது ஆகுமா? இதைக் கற்றுத்தரும் பாடங்கள் இன்று கைபேசியிலேயே கிடைக்கின்றன. வீட்டிலுள்ள வாலிபப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துவிட்டு, ‘அத்தா, இதைச் செய்து பார்க்கலாமா?’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? ‘எல்லாம் ஷைத்தான் வேலை’ என்று ஒரே சொல்லில் விரட்டுவதும் பொருந்தாது, ‘செய்தால் என்ன?’ என்று விட்டுவிடுவதும் பொருந்தாது. ஆய்ந்து பார்ப்போம்.

ஆராய்ச்சியாளர் கண்டது

உறக்கம் இரவு முழுவதும் ஒரே தன்மையாக இருப்பதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக உருளும் ஒரு நிலை வந்து போகிறது. இதனை 1953ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸரின்ஸ்கியும் கிளைட்மனும் வெளியிட்டனர். தெளிவான, கதைபோல் நீளும் கனவுகள் பெரும்பாலும் இந்நிலையிலேயே தோன்றுகின்றன. அப்போது கை கால் தசைகள் செயலற்றுத் தளர்ந்திருக்கும். கனவில் ஓடுபவர் பாயிலிருந்து எழுந்து ஓடிவிடாதிருக்க இது ஓர் ஏற்பாடு. இரவின் முற்பகுதியில் இந்நிலை சில நிமிடங்களே நிற்கும். விடியலை நெருங்க நெருங்க அது நீளும்.

கனவில் விழிப்பு என்பது வெறும் கற்பனைப் பேச்சு அன்று என்பதை 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் காட்டினார். உடல் தளர்ந்திருந்தாலும் கண்கள் அசையுமல்லவா? கனவில் விழிப்பு வந்ததும் கண்களை இடமும் வலமுமாகக் குறித்த தடவை அசைக்க வேண்டும் என்று ஒருவரிடம் முன்னரே பேசி வைத்தார். அவர் உறங்கிக் கொண்டிருக்கையிலேயே அந்த அடையாளம் கருவியில் பதிவாயிற்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லாபர்ஜ் என்பவரும் தனியே ஆராய்ந்து 1981இல் இதே முடிவை வெளியிட்டார். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வாளர்கள் கனவிலிருப்பவரிடம் ‘எட்டில் ஆறு போனால் எத்தனை?’ என்பது போன்ற கேள்விகளைக் கேட்டனர். சில தடவைகளில் கண்ணசைவால் சரியான விடை வந்தது.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றில் ஏறத்தாழ 55 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய கனவு கண்டவர்கள். எனவே இது பெரும் அற்புதமும் அன்று. விலாயத்தின் அடையாளமும் அன்று. அன்றியும், ‘இது கனவு’ என்று உணர்வது வேறு, அதை ஆட்டிவைப்பது வேறு. உணர்ந்தவர்களில் பலருக்கும் கனவு முழுதாகக் கட்டுப்படுவதில்லை.

தஹஜ்ஜுதுக்கு எழுந்து தொழுது, மீண்டும் சற்றே கண்ணயரும் வழக்கமுள்ளோர் அந்நேரத்தில் தெளிவான கனவு காண்பது இதனால்தான். கனவு மிகுந்த பொழுதும், இடையில் விழித்ததால் வந்த தெளிவும் அங்கே ஒன்று சேர்கின்றன. கைபேசிப் பாடங்கள் சொல்லும் முறையும் ஏறக்குறைய இதுவே: விடியலுக்கு முன் எழுந்திரு, சற்று விழித்திரு, ‘கனவு வந்தால் கனவென்று உணர்வேன்’ என்று மனத்தில் உறுதி கொண்டு மீண்டும் படு. ஆனால் நம்மவர் எழுவது ரப்பைத் தொழ. இவர்கள் எழுவது கனவுக்காக. நிய்யத்தில் உள்ள வேற்றுமையை நாம் மறக்கலாகாது.

மூவகைக் கனவு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கனவை மூன்றாக வகுத்துக் காட்டினார்கள். ஒன்று, அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி. இரண்டு, ஷைத்தான் உண்டாக்கும் துயரம். மூன்று, மனிதன் தன் மனத்தோடு பேசிக்கொள்வது. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்த ஹதீஸ்தான் நம் விஷயத்துக்குத் திறவுகோல்.

நம் விருப்பத்தால் நாமே வரவழைத்துத் திருப்பிய கனவு இவற்றில் எதில் சேரும்? ஐயமின்றி மூன்றாவதில். பகலில் பார்த்த கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் கனவில் வருவதைப் போல, மனம் தானே போட்டுக் கொண்ட கோலம் அது. அதில் நற்செய்தி தேடுவது, தன் கடிதத்தைத் தானே எழுதித் தபாலில் போட்டுவிட்டு, வந்த கடிதம் என்று மகிழ்வதற்கு ஒப்பாகும்.

ஆற்றின் அக்கரையிலும் இக்கரையிலும்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஸ்ரீரங்கத் தீவில் வாழ்ந்து மறைந்த வைணவ ஆசாரியர் இராமானுசர், தமது ஸ்ரீபாஷ்யத்தில் இதே வினாவை எடுத்து ஆராய்கிறார். கனவில் தோன்றும் தேரையும் பாதையையும் படைப்பவர் யார்? உறங்குகிற உயிரா, இறைவனா? உயிர்தான் தன் விருப்பப்படி படைக்கிறது என்றால், எவனும் தனக்குக் கெட்ட கனவைப் படைத்துக் கொள்ள மாட்டானே என்று அவர் கேட்கிறார். நம் இச்சையைச் சார்ந்து வருவது பின்வரும் நன்மை தீமைக்கு அறிகுறியாக இருக்க முடியாது என்பதும் அவர் வாதம். ஆகவே கனவுப் படைப்பு இறைவனுடையதே என்று முடிக்கிறார். அவருடைய கொள்கை வேறு, நம் அகீதா வேறு. கனவு அனைத்தையும் ஒன்றாக வைத்து அவர் பேசுகிறார்; நமக்கோ மூன்று வகை சொல்லப்பட்டிருக்கிறது. எனினும் ‘நாமே விரும்பிச் செய்துகொண்டது அறிகுறியாகாது’ என்ற அந்த ஒரு நியாயம் சிந்திக்கத் தக்கது.

ஆற்றின் இக்கரையில், திருச்சி நகரில் தப்லே ஆலம் பாதுஷா நத்ஹர் வலியுல்லாஹ் அவர்களின் தர்கா ஷரீஃப் இருக்கிறது. இவர்களும் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள் என்பது வழிவழி வரும் செய்தி. சந்தா சாஹிபும் நவாப் முஹம்மது அலி வாலாஜாவும் அடங்கியிருப்பதும் அங்கேதான். தமிழகத்து தர்காக்களுக்கு வருவோரிடையே கனவைப் பற்றிய பேச்சு என்றும் உண்டு. ‘கனவில் உத்தரவு கிடைத்தது’ என்று சொல்லி ஒரு காரியத்தைத் தொடங்குவோரும் உண்டு, நிறுத்துவோரும் உண்டு. இங்கேதான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றி 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. கனவில் உத்தரவு வந்தால்தான் ஊர் திரும்பலாம் என்ற நம்பிக்கையில் அங்கே நோயாளிகளைக் காத்திருக்கச் செய்த குடும்பங்கள் பல. மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது. வலிமார்களிடம் மஹப்பத்து வைப்பது ஒன்று. மருந்து வேண்டிய நோயாளியைக் கனவுக்காகக் காக்க வைப்பது வேறொன்று.

கனவு சட்டமாகாது

பாங்கின் வாசகங்கள் அப்துல்லாஹ் இப்னு ஸைது (ரலி) அவர்களுக்குக் கனவில் காட்டப்பட்டன. ஆயினும் அவர்கள் கண்டதனால் மட்டும் அது நடைமுறைக்கு வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்களிடம் சொல்லி, அவர்கள் அது உண்மையான கனவு என ஏற்றுக் கட்டளையிட்ட பின்னரே பிலால் (ரலி) அவர்கள் பாங்கு சொன்னார்கள். ஸஹாபி ஒருவரின் கனவுக்கே இந்த நிபந்தனை என்றால், நம் கனவு எம்மாத்திரம்? கனவைக் கொண்டு ஷரீஅத்தின் ஹுக்மு எதுவும் மாறாது என்று உலமாப் பெருமக்கள் சொல்லியிருப்பது இதனால்தான்.

இஸ்திகாராவும் அப்படியே. பெண்ணுக்கு வரன் வந்தால் இரண்டு ரக்அத்து தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கிறோம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்த இஸ்திகாரா ஹதீஸில் தொழுகையும் துஆவும் உள்ளன. கனவு காண வேண்டும் என்ற பேச்சே இல்லை. கனவைத் திருப்பக் கற்றவர் இஸ்திகாராவுக்குப் பின் கனவைத் தேடினால், தம் மனம் விரும்பிய மாப்பிள்ளையையே காண்பார். அதை அல்லாஹ்வின் தீர்ப்பு என்று வீட்டாரிடம் சொன்னால் ஒரு பெண்ணின் வாழ்வே அல்லவா அதில் அடங்கியிருக்கிறது? காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவன், மறுமையில் இரு வாற்கோதுமை மணிகளை முடிச்சுப் போடும்படி ஏவப்படுவான், அவனால் அது முடியாது என்ற புகாரியின் ஹதீஸ் நம்மை நடுங்கச் செய்ய வேண்டும்.

நாயகத்தைக் கனவில் காணும் ஆசையும் இத்தகையதே. அது ஸலவாத்தால், ஸுன்னத்தைப் பேணுவதால் வேண்டிக் காத்திருக்கும் பாக்கியம். தாமே வரவழைத்துக் கொள்ளும் வித்தையாக அதை எண்ணுவது அதபுக்கு மாறு.

எங்கே பயன்படும்?

அப்படியானால் கனவில் விழிப்புக்கு இடமே இல்லையா? உண்டு, அச்சத்தை நீக்குவதில். தீய கனவு கண்டால் செயலற்றுக் கிடக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லவில்லை. இடப்பக்கம் மும்முறை இலேசாகத் துப்பி, ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் காவல் தேடி, படுத்த பக்கத்தை மாற்றச் சொன்னார்கள். எழுந்து தொழவும் சொன்னார்கள். அதைப் பிறரிடம் சொல்லித் திரிய வேண்டாம், அது தீங்கு செய்யாது என்றும் சொன்னார்கள். கனவுகளால் நோயுற்றுக் கிடந்த அபூஸலமா (ரஹ்) அவர்கள், அபூகதாதா (ரலி) அவர்களிடம் இதைக் கேட்ட பிறகு கனவுகளைப் பொருட்படுத்துவதையே விட்டார்கள். அச்சத்தின் வேரை அறுத்த மருந்து இது.

மருத்துவரும் இன்று இதற்கு அருகில் வருகின்றனர். ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகலில் விழித்திருக்கையில் அதன் முடிவை நல்லதாக மாற்றி, தினமும் சில நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்கின்றனர். கொடுமைக்கு ஆளான பெண்களிடம் இம்முறை பயனளித்ததை 2001இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். ஊரெல்லாம் சொல்லித் திரிவது வேறு. சிகிச்சைக்காக மருத்துவரிடம் சொல்வது வேறு.

‘அமுக்குவான்’ வந்தது என்பார்களே, அதுவும் பெரும்பாலும் தளர்ந்த தசைகள் தெளியுமுன் மனம் மட்டும் விழித்துக் கொள்வதே. அப்போது பதறாமல் மனத்தில் திக்ரு செய்து கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் தானே விலகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒளுவோடு படுக்கட்டும். விரிப்பைத் தட்டி, வலப்பக்கம் சாய்ந்து, ஆயத்துல் குர்ஸியும் கடைசி மூன்று ஸூராக்களும் ஓதி, கையில் ஊதி உடலில் தடவிக் கொள்ளட்டும்.

2. இரவில் அலறி எழும் பிள்ளையை ஏசாதீர்கள். இடப்பக்கம் துப்பவும், அஊது ஓதவும் பழக்குங்கள். ‘இது கனவு, அல்லாஹ் காப்பான்’ என்று பகலிலேயே சொல்லிக் கொடுங்கள். பழகிய சொல் கனவிலும் உதவிக்கு வரும்.

3. கனவுப் பயிற்சிக்காக இரவு தோறும் உறக்கத்தைக் கெடுக்க வேண்டாம். கனவுக்காக விழித்து ஸுப்ஹைத் தவற விட்டவன் பெற்றது என்ன? மனநோய்க்கு மருந்து உண்பவர்கள் இப்பயிற்சியின் பக்கமே போகலாகாது.

4. கனவைக் கொண்டு நிக்காஹ், தலாக்கு, வியாபாரம், வைத்தியம் எதையும் முடிவு செய்யாதீர்கள். விவரமறிந்தவரிடம் மஷூரா செய்யுங்கள்.

பேச்சில் மிக உண்மையானவரே கனவிலும் மிக உண்மையானவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். எனவே நல்ல கனவுக்கு வழி, பகலில் நம் நாவைக் காப்பதே. உறங்கும்போது எழுதாமல் உயர்த்தப்படும் எழுதுகோல், விழித்ததும் மீண்டும் எழுதத் தொடங்குகிறது. நாம் ஆளக் கற்க வேண்டிய பொழுது அந்தப் பகல்தான்.

வல்ல அல்லாஹ் நம் உறக்கத்தையும் விழிப்பையும் ஸலாமத்தாக ஆக்கி, உண்மையான நற்கனவுகளைத் தந்தருள்வானாக! ஆமீன்.