அணைத்து வைத்த பலகை செய்யும் குறும்பு

மாணவர்களே, ஒட்டுப்பலகையில் துளையிட்டு ஒரு ஜாய்ஸ்டிக்கும் எட்டுப் பொத்தான்களும் பொருத்திவிட்டீர்கள். ஒரு விளையாட்டுக் கருவியில் எல்லாம் ஒழுங்காக இயங்குகிறது. அதே பொத்தான்களிலிருந்து இரண்டாவது கருவியின் சர்க்யூட் பலகைக்கும் வயர் இழுக்கிறீர்கள். உடனே, யாரும் தொடாமலே திரையில் வீரன் குதிக்கிறான்! பலர் இந்த நிலையில் பொத்தானைத்தான் மாற்றுவார்கள். அது வீண்செலவு.

பொத்தானுக்கு அடியில் இருப்பது ஒரு மைக்ரோ சுவிட்ச். அதன் ஒரு முனையில் சிக்னல் வயர், மறுமுனையில் கிரவுண்ட் வயர். பலகையினுள் ஒரு மின்தடை, சிக்னல் வயரை 5 வோல்ட்டுடன் இணைத்து வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் வயர் கிரவுண்டைத் தொட்டு 0 வோல்ட்டுக்கு இறங்கும். ஆக, 5 என்றால் அழுத்தவில்லை, 0 என்றால் அழுத்தியாயிற்று.

இப்போது இரண்டாவது பலகையைப் பாருங்கள். அதை அணைத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் வயர் கழற்றப்படவில்லையே! அதன் மின்தடையின் மேல்முனை இப்போது ஏறக்குறைய 0 வோல்ட்டில் இருக்கிறது. இரு மின்தடைகளும் 10,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 ஓம். ஓம் விதிப்படி மின்னோட்டம் 5 ÷ 20,000 = 0.00025 ஆம்பியர். சிக்னல் வயரில் மிஞ்சுவது 2.5 வோல்ட் மட்டுமே. அது 5-ம் இல்லை, 0-ம் இல்லை, பலகை குழம்பிப்போகிறது. அணைந்த சில்லின் உள்ளே உள்ள பாதுகாப்பு டையோடும் மின்னை இழுத்தால் அளவு 1 வோல்ட்டுக்கும் கீழே போய்விடலாம். அப்போது எல்லாப் பொத்தான்களையும் யாரோ அழுத்திப் பிடித்திருப்பதாகவே பலகை நினைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைச் சிக்னல் வயரிலும் வையுங்கள். பொத்தானை அழுத்தாதபோதே 5 வோல்ட் வரவில்லையா? இரண்டாவது பலகையின் வயர்களைக் கழற்றிவிட்டு மீண்டும் அளவெடுங்கள். 5 வந்துவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். மாறாக, அடுத்தடுத்த சில பொத்தான்கள் மட்டும் ஒன்றாகச் செயலிழந்தால், சுவிட்ச் விட்டுச் சுவிட்ச் ஓடும் கிரவுண்ட் வயர் எங்கோ அறுந்திருக்கும்.

இரண்டு பலகைகளும் ஒரே நேரத்தில் இயங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். வேண்டாம். ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. மறுபக்கத்திலிருந்து 5 வோல்ட் வந்தால் அந்தச் சில்லு பாழாகலாம்.

எளிய தீர்வு, 15 முனை பிளக். நான்கு திசைகள், எட்டுப் பொத்தான்கள், ஸ்டார்ட், காயின், ஒரு கிரவுண்ட்: சரியாகப் பதினைந்து! ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சாக்கெட் வைத்து, விளையாடும் கருவியில் மட்டும் பிளக்கைச் செருகுங்கள். 1990-இல் ஜப்பானில் வெளிவந்த நியோ ஜியோ கருவியின் ஜாய்ஸ்டிக்கிலும் 15 முனை பிளக்தான் இருந்தது. ஒவ்வொரு சிக்னல் வயரிலும் டையோடு வைத்தும் பலகைகளைப் பிரிக்கலாம். ஆனால் பதினான்கு வயர்களுக்கும், அதுவும் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனியாக, பற்றவைக்கப் பொறுமை வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும், மேலே தள்ளினால் வீரன் கீழே போகிறானா? பயப்படாதீர்கள். ஜாய்ஸ்டிக்கின் தண்டு நடுவில் ஊன்றிச் சாய்வதால், கைப்பிடி மேலே போகும்போது அடிமுனை கீழ்ப்பக்கச் சுவிட்சை அழுத்துகிறது. அந்த இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் செருகினால் போதும்.