கடைசி நாள் காற்று

கேள்வி: காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாக சைக்கிளில் வருகிறேன். ஆகஸ்டில் முடிப்பேன். கடைசி நாளில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: காற்றில்.

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி சுமார் 85 கிலோமீட்டர். இத்தனை தூரம் மிதித்து வந்த கால்களுக்கு அது பெரிதில்லை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் குவிந்து பாய்கிற மாதம் அது. அந்தப் பக்கம் காற்றாலைகள் அவ்வளவு நிற்பதே அதனால்தான். பணகுடி, காவல்கிணறு அருகே காற்று உங்கள் வலப்புறத்தில் அறையும். விழாதிருக்க நீங்களும் வலப்பக்கம் சாய்ந்தே மிதிப்பீர்கள். அப்போது ஒரு லாரி முந்தினால் காற்று சட்டென்று மறைபட்டு, சைக்கிள் லாரியின் பக்கமே இழுக்கும். லாரி போனதும் காற்று மறுபடி இடப்பக்கம் தள்ளும். தயவுசெய்து இதை அலட்சியம் செய்யாதீர்கள். சாலையோர வெள்ளைக்கோட்டுக்கு இடப்புறம் நன்றாக ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். மிகவும் தள்ளினால் இறங்கி உருட்டுங்கள். உருட்டிய தூரமும் பயணம்தான்.

விடிந்ததும் கிளம்பினால் காற்று வலுக்குமுன் பாதி தூரம் போய்விடலாம். நாங்குநேரியில் வயிறாரச் சாப்பிடுங்கள். முடியப்போகிற பரபரப்பில் பசி தெரியாது, கவனம்தான் முதலில் சிதறும்.

வீட்டாருக்கு வந்துசேரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த நேரம் உங்களைத் துரத்தும். காவல்கிணறு தாண்டியபின் போன் செய்தால் போதும். அன்றிரவே ரயிலேறவும் வேண்டாம். ஒரு நாள் அங்கேயே தங்குங்கள், ஐயா.